ஒரே இடத்தில் இரண்டு முறை வெடித்த மொடியூல்: அரிசி ஆலை டிரைவ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பரந்தன் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் அரிசியைத் தீட்டும் பொலிஷரின் மோட்டருக்குப் பூட்டியிருந்த, அதன் வேகத்தை மாற்றும் டிரைவ் இது. 400 வோல்ற் வகுப்பு, 22 கிலோவாற், வெளியீடு 45 அம்பியர். ஐந்து வருடம் குறை சொல்லாமல் ஓடியது. மாசி மாதம், காலபோக நெல் வந்து குவிந்துகொண்டிருந்த நேரத்தில், உள்ளே ஐஜிபிரி மொடியூல், அதாவது மோட்டருக்குக் கரன்ட்டை வெட்டிக் கொடுக்கும் மின்னணுச் சுவிற்ச்சுகள் அடங்கிய பெட்டி, வெடித்தது. ஒரு பட்டறையில் மொடியூலையும் பக்கத்தில் கருகிய உதிரிகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். பதினொரு நாள் ஓடியது. பிறகு மறுபடியும் வெடித்தது.

இரண்டாவது முறை வெடித்ததும் மில்லில் எல்லோரும் சொன்னது “போலி மொடியூல்” என்பதுதான். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி இரவு பஸ்ஸில் பார்சலாக வந்த சாமான் என்றால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான் விழும். போலிகள் சந்தையில் இருப்பதும் உண்மை. ஆனால் முதலில் வெடித்தது டிரைவோடு கூடவே வந்த மூல மொடியூல். அதுவும் இதுவும் ஒரே இடத்தில் வெடித்திருந்தன. பழைய மொடியூலை மில்லில் எறியாமல் வைத்திருந்தது பெரிய உதவி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிளாஸ்ரிக் மூடி பிளந்திருந்தது இரண்டிலும் டபிள்யூ பேஸின் மேல் ஐஜிபிரிக்கு நேர் மேலே. யூ, வி, டபிள்யூ என்ற மூன்று வெளியீட்டு பேஸுக்கும் மேல் ஒன்று, கீழ் ஒன்றாக ஆறு ஐஜிபிரி உள்ள பெட்டியில் இரண்டு முறையும் அதே ஒன்று சாவது தற்செயல் இல்லை. அதைக் கொல்லும் ஏதோ ஒன்று டிரைவுக்குள் உயிரோடு இருக்கிறது.

மில்லில் கேட்டுத் தெரிந்தவை

டிரைவைத் திறப்பதற்கு முன்னர் மெஷினை ஓட்டுபவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எப்போது வெடித்தது, அப்போது லோட் எவ்வளவு, அதற்கு முதல்நாள் என்ன நடந்தது. இந்தக் கேள்விகளுக்குச் செலவான பத்து நிமிடம் பிறகு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

“காலமை போட்டவுடனை டப் எண்டு கேட்டது அண்ணை. ரெண்டு தரமும் அப்பிடித்தான். மத்தியானம் எவ்வளவு லோட் குடுத்தாலும் ஒண்டும் செய்யேல்லை.”

சூட்டால் சாகும் மொடியூல் பிற்பகல் இரண்டு மணிக்கு, முழு லோட்டில் சாகும். காலையில் முதல் ஸ்ராட்டில், பொலிஷருக்குள் அரிசி விழுமுன்னரே சாகாது. இன்னும் தோண்டியபோது வந்த தகவல் இதைவிட முக்கியம். இந்த மில்லில் டிரைவின் பிரேக்கரை இரவில் நிறுத்துவதில்லை; மோட்டர் நின்றாலும் டிரைவின் திரை எரிந்துகொண்டே இருக்கும். முதல் வெடிப்புக்கு முதல்நாள் இரவு முழுக்க கரன்ட் இல்லை. இரண்டாவது ஒரு திங்கட்கிழமை. அந்த ஞாயிறு மில் பூட்டு, மெயின் சுவிற்ச்சையே நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே இரண்டு முறையும் டிரைவ் உள்ளே முழுதாகக் குளிர்ந்த பிறகு எடுத்த முதல் ஓட்டம்.

குளிர்ந்த டிரைவ் என்றால் சந்தேகம் இரண்டு பக்கம் போகும். ஒன்று பனி ஈரம்: தை, மாசி விடியற்காலைகளில் வன்னியில் பனி கொட்டும், தகரக் கூரையின் கீழே உலோகம் எல்லாம் நனைந்திருக்கும். மற்றது எலெக்ரோலிற்றிக் கப்பாசிற்றர், உள்ளே திரவத்தோடு மின்னைத் தேக்கும் உதிரி. காய்ந்துபோன எலெக்ரோலிற்றிக்கின் உள்தடை, அதாவது இஎஸ்ஆர், குளிரில் கூடி, சூடேறக் குறையும்.

மூன்றாவது தடயம் டிரைவின் பழுதுப் பதிவில் இருந்தது. திரைப் பகுதியைத் தனியாக உயிர்ப்பித்துப் பார்த்தால் இரண்டு வெடிப்புக்கும் பதிவானது ‘ஓவர் கரன்ட்’ அல்ல, ‘அண்டர் வோல்ற்றேஜ்’. பலர் இதைப் பார்த்துவிட்டு மின்சார சபையின் சப்ளையைக் குறை சொல்வார்கள். இங்கே அதன் பொருள் வேறு. இந்த டிரைவில் கரன்ட் உணரிகள் வெளியீட்டு வயர்களில் இருக்கின்றன. மோட்டரோ கேபிளோ ஷோர்ட் ஆனால் அந்தக் கரன்ட் உணரி வழியாகப் போகும், ஓவர் கரன்ட் விழும். ஒரே பேஸின் மேல் ஐஜிபிரியும் கீழ் ஐஜிபிரியும் ஒரே நேரத்தில் திறந்தால், அதாவது கரன்ட்டை ஓடவிட்டால், டிசி பஸ் (ஏசியை டிசியாக்கித் தேக்கி வைக்கும் உள் இணைப்பு) உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகிறது. வெளி வயர்களுக்கு அது தெரியாது. பஸ் வோல்ற்றேஜ் விழுந்ததை மட்டுந்தான் டிரைவ் கண்டது. இந்தப் பதிவே மோட்டரை ஏறக்குறைய விடுதலை செய்துவிட்டது.

ஆனாலும் மோட்டரைப் பார்க்காமல் விடக்கூடாது. கேபிளை டிரைவிலிருந்து கழற்றிய பிறகுதான் மெகர் (காப்புத்தடை அளக்கும் கருவி) போட வேண்டும்; கழற்றாமல் போட்டால் 500 வோல்ற் மொடியூலுக்குள் போகும். மத்தியானம் போடுவதில் பயனில்லை என்பதால் காலை ஆறரைக்கு, பனி காயுமுன்னர், மோட்டரும் கேபிளும் சேர்த்து நிலத்துக்கு அளந்தபோது 60 மெகாஓம். 400 வோல்ற் மோட்டருக்கு இது தாராளம். டிரைவின் போர்ட்களிலும் ஈரத்தால் மின் ஓடிய கருந்தடம் எதுவும் இல்லை. பனி வழக்கிலிருந்து நீங்கியது.

திறக்குமுன்

இந்த டிரைவில் 3300 மைக்ரோபரட், 400 வோல்ற் கப்பாசிற்றர் இரண்டு தொடராக இருக்கின்றன. சேர்ந்து 1650 மைக்ரோபரட். 400 வோல்ற் திரீ பேஸைத் திருத்தினால் பஸ்ஸில் 565 வோல்ற் நிற்கும். அதில் தேங்கும் சக்தி சுமார் 263 ஜூல், ஒரு மனிதனைக் கொல்லப் போதும். “பத்து நிமிடம் பொறுத்துத் திற” என்று மூடியில் எழுதியிருப்பது நல்ல நிலையில் உள்ள டிரைவுக்கு. உள்ளே எஸ்எம்பிஎஸ் (போர்ட்களுக்குச் சிறு வோல்ற்றேஜ் கொடுக்கும் பவர் சப்ளை) செத்திருந்தால் பஸ்ஸை இறக்க ஆள் இல்லை. கப்பாசிற்றர்களுக்குக் குறுக்கே உள்ள சமநிலைத் தடைகள் வழியாக மட்டும் மெதுவாக இறங்கும், அதிலொன்று அறுந்திருந்தால் ஒரு கப்பாசிற்றர் மணிக்கணக்கில் தாங்கி நிற்கும். ஆகவே பிளஸ், மைனஸ் முனைகளில் மீற்றர் வைத்து அளக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு கப்பாசிற்றரையும் தனித்தனியே அளக்க வேண்டும். மிச்சம் இருந்தால் 1 கிலோஓம், 50 வாற் வயர்வவுண்ட் தடையால் இறக்கலாம்; இந்த அளவுக்கு எட்டு, ஒன்பது விநாடி போதும். திருப்புளியால் ஷோர்ட் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது கப்பாசிற்றரின் உள் இணைப்பையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

மீற்றர் சொன்னது

டயோட் நிலையில் முதலில், ஏசியை டிசியாக்கும் றெக்ரிபயர். சிவப்புக் கம்பியை டிசி மைனஸில் வைத்து, கறுப்பை மூன்று உள்ளீட்டிலும் தொட்டால் 0.44, 0.45, 0.44. கறுப்பை டிசி பிளஸில் வைத்துச் சிவப்பைத் தொட்டாலும் அப்படியே. றெக்ரிபயர் தப்பியிருந்தது. வெளியீட்டுப் பக்கம் யூ, வி இரண்டும் மேலும் கீழும் 0.38, 0.39. டபிள்யூவில் மேல்பக்கம் 0.003, முழு ஷோர்ட். கீழ்பக்கம் எந்தத் திசையிலும் திறந்த சுற்று: வெடிப்பில் உள் வயர்கள் பறந்துவிட்டன.

டயோட் அளவீடு சரியாக வந்தால் மொடியூல் நல்லது என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. மீற்றர் பார்ப்பது ஐஜிபிரிக்குப் பக்கத்தில் உள்ள டயோட்டை மட்டும். ஐஜிபிரி திறக்கிறதா என்று அறிய மொடியூலைக் கழற்றி, 9 வோல்ற் பற்றரியின் பிளஸைக் கேற்றிலும் (ஐஜிபிரியைத் திறந்து மூடும் முனை) மைனஸை எமிற்றரிலும் (கரன்ட் வெளியேறும் முனை) தொட வேண்டும். கரன்ட் உள்ளே வரும் கலெக்ரரில் சிவப்பும் எமிற்றரில் கறுப்புமாக டயோட் நிலையில் வைத்திருந்தால் மீற்றர் அரை வோல்ற் அளவில் காட்டும். பற்றரியை எடுத்த பிறகும் அப்படியே நிற்க வேண்டும், கேற்றில் தேங்கிய மின் அதைப் பிடித்து வைத்திருக்கும். கேற்றையும் எமிற்றரையும் வயரால் தொட்டவுடன் மூட வேண்டும். பற்றரியை எடுத்தவுடன் தானாக மூடினால் கேற் கசிகிறது. அந்த மொடியூலைப் பாவிக்காதீர்கள். புதிதாக வாங்கும் மொடியூலையும் பூட்டுமுன் ஆறு ஐஜிபிரிக்கும் இப்படிப் பார்த்துவிடுவது நல்லது.

கேற்களுக்குச் சைகை கொடுக்கும் டிரைவர் போர்ட்டில் டபிள்யூ மேல் கேற்றின் 12 ஓம் தடை அறுந்திருந்தது, வோல்ற்றேஜைக் கட்டுப்படுத்தும் 18 வோல்ற் செனர் ஷோர்ட், ஒளி வழியாகச் சைகையைக் கடத்தும் ஒப்ரோ டிரைவரின் வெளியீடு ஷோர்ட். வெடிக்கும்போது 565 வோல்ற் கேற் வழியாகத் திரும்பி ஏறுவதால் இவை மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். முதல் பட்டறையும் இவற்றை மாற்றியிருந்தது; ஈயம் புதிதாக, சுத்தமாக இருந்தது. அவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்ல. டிரைவர் சப்ளையையும் மீற்றரால் அளந்திருப்பார்கள், சரியாக 15 வோல்ற் காட்டியிருக்கும். மீற்றர் காட்டுவது சராசரி. ஒரு மைக்ரோவிநாடிக்குள் நடக்கும் சரிவு அதில் தெரியாது.

கொலையாளி: 47 மைக்ரோபரட்

மொடியூல் இல்லாமலே டிரைவர் போர்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். கேற், எமிற்றர் இடங்கள் ஆறிலும் 10 நானோபரட் கப்பாசிற்றர் ஒவ்வொன்றை ஈயம் வைத்தால் அவை கேற் போலவே நடிக்கும். டீசாற் பாதுகாப்பு (ஷோர்ட்டைக் கண்டதும் ஐஜிபிரியை மூடுவது) உள்ள போர்ட்டானால் ஒவ்வொரு கலெக்ரர் உணர்வு வயரையும் அதன் எமிற்றரோடு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடனே பழுது காட்டி நிற்கும். இந்த டிரைவில் டீசாற் இல்லை. அதனால்தான் ஷோர்ட்டைக் கண்டு பத்து மைக்ரோவிநாடிக்குள் மூடிக் காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை.

பஸ்ஸுக்குச் சப்ளை இரண்டு பேஸிலிருந்து, ஒவ்வொரு வயரிலும் 100 வாற் குண்டு பல்ப் ஒன்று தொடராக. குண்டு பல்ப் இப்போது கடைகளில் அரிது. கோழிக்குஞ்சுக் கூட்டுக்கு விற்பதை வாங்கலாம். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப்கள் பளிச்சென்று நின்று எரியும், வேறொன்றும் ஆகாது. நல்லதென்றால் ஒருமுறை மின்னி மங்கிவிடும். பஸ் 565 வரை ஏறும், எஸ்எம்பிஎஸ் எழும். இது நிலத்தோடு தொடர்புள்ள சப்ளை. சாதாரண ஒசிலஸ்கோப்பின் நில முனையை எமிற்றரில் கவ்வினால் அங்கேயே வெடிக்கும். நிலத்தைத் தொடாமல் இரண்டு புள்ளிகளுக்கிடையே அளக்கும் டிபரென்ஷல் புறோப் இல்லாமல் இந்த அளவீட்டைத் தொடாதீர்கள்.

போர்ட்டை இரவு முழுக்கக் கரன்ட் இல்லாமல் வைத்துவிட்டுக் காலையில், அறை 27 பாகை செல்சியஸில் இருக்கும்போது ஓட்டினால் ஐந்து கேற்களில் அலை +14.8க்கும் −7.6 வோல்ற்றுக்கும் இடையில் நேர்ச்சுவராக ஏறி இறங்கியது. டபிள்யூ மேல் கேற்றில் மட்டும் ஏறும் விளிம்பு சாய்ந்து, +11இல் தேங்கி, இறங்கும்போது −3ஐத் தாண்டவில்லை. ஒப்ரோவும் தடையும் புதியவை என்பதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹெயர் டிரையரால் அந்த மூலைக்கு மூன்று நிமிடம் சூடு காட்டியபோது அலை கண்ணுக்கு முன்னாலேயே நிமிர்ந்தது: +14, −6.8. ஆற விட்டால் மறுபடி சாய்ந்தது.

அந்தக் கேற்றின் டிரைவர் சப்ளைக் கப்பாசிற்றரைக் கழற்றியபோது அதன் காலடியில் தவிட்டு நிறக் கறை ஒன்று. ஈயக்கோல் பட்டதும் மீன் நாற்றம் எழுந்தது. கசிந்த எலெக்ரோலிற்றின் மணம் அது, ஒருமுறை மோந்தவர் மறக்கமாட்டார். 47 மைக்ரோபரட் இருக்க வேண்டியது 31 காட்டியது. சாதாரணக் கப்பாசிற்றன்ஸ் மீற்றரோடு மட்டும் பார்ப்பவர் “குறைவுதான், ஆனால் ஓடும்” என்று விட்டிருப்பார். இஎஸ்ஆர் 9.4 ஓம். புதியதில் அது ஒரு ஓமுக்கும் குறைவு.

இந்த 9.4 ஓம் கேற் தடையோடு தொடராகச் சேர்கிறது. கீழ் ஐஜிபிரி திறக்கும் கணத்தில் மேல் ஐஜிபிரியின் கலெக்ரர் வோல்ற்றேஜ் செங்குத்தாக ஏறும். அந்த வேகம் உள் கொள்ளளவு வழியாகக் கேற்றுக்குள் ஒரு கரன்ட்டைத் தள்ளும். கேற்றை மூடிப் பிடித்திருப்பது மைனஸ் வோல்ற்றேஜ்தான். −7.6இல் இருந்து அந்தத் தள்ளலால் 5, 6 வோல்ற் திறப்பு எல்லைக்கு ஏற முடியாது. −3இல், பாதையில் இன்னொரு 9 ஓம் இருக்கும்போது ஏறும். இரண்டும் திறந்தால் பஸ்ஸின் 263 ஜூலும் அந்தச் சிலிக்கனில் இறங்கும். இரவு முழுக்கக் கரன்ட் இருந்த நாட்களில் எஸ்எம்பிஎஸ் அந்த மூலையைச் சூடாக வைத்திருந்தது, ஆகவே பதினொரு நாள் தப்பியது. பட்டறை மேசையிலும் அதே காரணத்தால்தான் நன்றாக ஓடிக் காட்டியிருக்கும்.

ஏன் காய்ந்தது

டிரைவர் சப்ளையின் மற்றக் கப்பாசிற்றர்கள் 40க்கும் 43க்கும் இடையில், இஎஸ்ஆர் 2 ஓம் அளவில். அவையும் கிழடுதான், ஆனால் இதனளவு இல்லை. இது மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸின் சூடான தடை ஒன்றை ஒட்டி நின்றது. வடிவமைப்பில் உள்ள குறை. எங்களால் மாற்ற முடியாதது. மாற்றக்கூடிய குறை கீழே, சூட்டை வெளியேற்றும் ஹீற்சிங்கில் இருந்தது. தகடுகளுக்கிடையில் தவிடு களியாக அடைந்து, இரண்டு விசிறிகளில் ஒன்று சுற்றவேயில்லை. தவிட்டில் 15 முதல் 20 வீதம் எண்ணெய் இருக்கிறது. உமித்தூசு கொம்பிரசர் காற்றுக்குப் பறக்கும்; தவிடு பறக்காது, ஒட்டிக்கொள்ளும். மாதாமாதம் காற்றடித்தோம் என்று மில்லில் சொன்னது உண்மைதான், அந்தக் காற்று தவிட்டை இன்னும் உள்ளே இறுக்கியிருந்தது.

105 பாகையில் 2000 மணித்தியாலம் என்று எழுதிய கப்பாசிற்றர், சூடு 10 பாகை குறையும் ஒவ்வொரு முறையும் இரட்டிப்புக் காலம் வாழும். 65 பாகையில் 32,000 மணித்தியாலம், அதாவது நாள் முழுக்கக் கரன்ட் இருந்தால் மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். 75 ஆனால் அதில் பாதி. இந்தக் கணக்கில் பார்த்தால் ஐந்து வருடம் ஓடியதே பெரிய காரியம்.

பழுது நீக்கிய விதம்

மாற்றியவை: 1200 வோல்ற், 100 அம்பியர் ஆறு ஐஜிபிரி மொடியூல் ஒன்று, டபிள்யூவின் ஒப்ரோ டிரைவர் இரண்டு, 12 ஓம் கேற் தடை இரண்டு, அவற்றின் செனர்கள், டிரைவர் சப்ளையின் 47 மைக்ரோபரட், 35 வோல்ற் கப்பாசிற்றர் எட்டும், எஸ்எம்பிஎஸ் வெளியீட்டுக் கப்பாசிற்றர்கள் எல்லாம், 24 வோல்ற் விசிறி இரண்டும். மொடியூலின் பிளஸ், மைனஸுக்குக் குறுக்கே உள்ள 1 மைக்ரோபரட் பிலிம் கப்பாசிற்றர் 0.71 காட்டியது; அதுவும் போனது. அதை விட்டிருந்தால் மூடும் கணத்தின் வோல்ற்றேஜ் குத்து புதிய மொடியூலைத் தின்றிருக்கலாம். குறைந்த இஎஸ்ஆர், 105 பாகை, 5000 மணித்தியாலத்துக்குக் குறையாத கப்பாசிற்றராகத் தேடி வாங்குங்கள். எட்டும் சேர்ந்தாலும் ஒரு மொடியூலின் விலையில் பத்திலொரு பங்கு வராது.

மொடியூலைப் பூட்டுமுன்னரே கேற் அலைகளை மறுபடி குளிரில் பார்த்தாயிற்று: ஆறும் +15, −7.8. ஹீற்சிங் ஐசோபிறப்பைல் அற்ககோலாலும் தூரிகையாலும் கழுவப்பட்டது. தெர்மல் பேஸ்ற்றைப் பூசுவதில் தாராளம் கூடாது, 0.1 மில்லிமீற்றர் தடிப்பு, அடியிலுள்ள உலோகம் மங்கலாகத் தெரியுமளவுக்கு. நான்கு மூலைத் திருகாணியையும் முதலில் விரலால், பிறகு குறுக்குக் குறுக்காக, அந்த மொடியூலின் தரவுத்தாள் சொல்லும் இறுக்கத்துக்கு. ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் அடித்தகடு வளைந்து நடுவில் காற்று நிற்கும். கேற் இணைப்புகள் ஆறும் பூட்டப்பட்டதை இரண்டு தரம் பாருங்கள். கேற் மிதந்து கிடக்க பஸ்ஸுக்குக் கரன்ட் கொடுத்தால் அது தானாகவே திறந்துகொள்ளும்.

மறுபடி பல்ப் வழியாகத்தான் முதல் கரன்ட். மங்கிய பிறகு, வெளியீட்டில் ஒன்றும் இல்லாமல் ஓட்டம். பல்ப் மங்கலாகவே நின்றால் உள்ளே இழுக்கவில்லை. அடுத்து பல்ப்பை எடுத்து 0.75 கிலோவாற் மோட்டரில் 10, 25, 50 ஹேர்ட்ஸ். வெளியீட்டு வோல்ற்றேஜைச் சாதாரண மீற்றரால் ஒப்பிட வேண்டாம், வெட்டிய அலையில் அது பொய் சொல்லும். கிளாம்ப் மீற்றரில் மூன்று பேஸின் கரன்ட் சமமாக வருகிறதா என்பதே கேள்வி.

மில்லில்

டிரைவ் பொலிஷருக்குப் பக்கத்துச் சுவரில், திறந்தபடி இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் தவிடு வராது, ஆனால் இந்த அளவு டிரைவ் முழு லோட்டில் 650 வாற் அளவு சூட்டை விடும். மூடிய பெட்டி அதை அவித்துவிடும். உள்ளே வெளியைவிட 10 பாகைக்கு மேல் கூடாமல் வைக்க மணிக்கு 200 கனமீற்றர் காற்று வேண்டும். வெளிச்சுவரில் துளைத்து, பில்ரர் வழியாக உள்ளே தள்ளும் விசிறி பூட்டப்பட்டது. இழுக்கும் விசிறி வேண்டாம். அது ஒவ்வொரு இடுக்காலும் தவிட்டை உள்ளே உறிஞ்சும். காற்று எடுக்கும் பக்கம் நெல் அவிக்கும் போய்லரின் புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கம். கேபிள் துவாரங்கள் அடைக்கப்பட்டன, பல்லி புகுந்து பஸ் முனைகளுக்குக் குறுக்கே செத்துக் கிடக்கும் கதை இங்கே புதிதல்ல. அறுவடைக் காலத்தில் பில்ரரைக் கிழமைக்கொருமுறை கழுவ வேண்டும்.

இந்த வழக்கைக் கேட்டுவிட்டு “அப்படியானால் பிரேக்கரை ஒருநாளும் நிறுத்தக்கூடாது” என்ற முடிவுக்கு மில்லில் வந்துவிட்டார்கள். அது நோயை மூடி வைப்பது. அதே சூட்டில் கப்பாசிற்றர் இன்னும் வேகமாகக் காயும். வேலை நாட்களில் இரவு நிறுத்தலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை மில் சும்மா கிடக்கும் மழை மாதங்களில் மட்டும், ஈரம் உலர, மாதத்தில் ஒரு தடவையாவது சில மணித்தியாலம் கரன்ட் கொடுத்து வையுங்கள்.

பூட்டிய பிறகு செய்த கடைசிச் சோதனை வேண்டுமென்றே குளிரில். சனி மாலை மெயினை நிறுத்தி, ஞாயிறு காலை ஆறரைக்கு முதல் ஸ்ராட். மூன்று பேஸும் லோட் இல்லாமல் 16.8, 17.0, 16.9 அம்பியர். அரிசி விழுந்த பிறகு 36. இரண்டு மணித்தியாலம் முழு லோட்டில் ஓடியதும் அறை 36 பாகை, ஹீற்சிங் 58. அடுத்த இரண்டு நாளும் இரவில் நிறுத்தி, அதே நேரத்துக்கு அதே விதமாக எடுத்துப் பார்த்த பிறகே பழைய மொடியூல்கள் இரண்டும் மேசையை விட்டுப் போயின.